கேட்ட தாயும் பார்த்த தாயும்

இலக்கியம் பற்றி ஒரு பெண் கருத்துச் சொன்னால், அவள் சொன்னது சரியா என்ற கேள்வி நம் சூழலில் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது, இதைச் சொல்ல இவள் யார் என்ற கேள்வி. யாப்பு தெரியுமா, தொல்காப்பியம் பாடம் கேட்டிருக்கிறாளா, உரைகளைப் படித்திருக்கிறாளா, ஒரு நாவலாவது எழுதியிருக்கிறாளா என்று அது பல வடிவங்களில் வரும். ஒரு துறையில் புலமை பெற்றவர் மட்டுமே அத்துறையின் ஆக்கங்களைப் பற்றிப் பொருட்படுத்தத்தக்க விமர்சனம் சொல்ல முடியும் என்ற நம்பிக்கையே இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. தமிழில் முனைவர் பட்டம் பெற்று, அதைக் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். இந்த நம்பிக்கை நிலைத்திருப்பதால் எனக்கு ஆதாயம்தான். அந்த ஆதாயம் இருப்பதாலேயே இதைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தமிழில் விமர்சனத்தின் வீரம் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை நக்கீரருடையது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் தும்பியை அழைத்து, நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்று கேட்கிறான். இறையனார் பெயரில் வழங்கும் அந்தப் பாடலைச் சுற்றித் திருவிளையாடற் புராணம் ஒரு வழக்கை நடத்துகிறது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா, இல்லையா? பொற்கிழி தருமிக்குப் போகும் நேரத்தில் நக்கீரர் தடுக்கிறார். பூவாலும் பூச்சாலும் வருவதே மணம் என்கிறார். உயர்ந்த சாதிப் பெண்ணுக்கும் அப்படித்தானா, தேவமகளிருக்கும் அப்படித்தானா, காளத்திநாதரின் தேவி ஞானப்பூங்கோதைக்கும் அப்படித்தானா என்று இறைவன் கேட்டுக்கொண்டே போக, எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவர் நிற்கிறார். இந்தக் கதையைப் புராணத்தில் படித்தவர்களைவிட 1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த திரைப்படத்தில் பார்த்தவர்களே அதிகம். அதிகாரத்துக்கு அஞ்சாத விமர்சகன் என்று நக்கீரரை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாடலாம்.

ஆனால் வழக்கின் பொருள் பெண்ணின் கூந்தல். பாடியவர் இறைவன், பாட்டைக் கொண்டுவந்தவர் தருமி, மறுத்தவர் நக்கீரர், பரிசு வைத்தவர் பாண்டியன், வேடிக்கை பார்த்தவர்கள் சங்கப் புலவர்கள். கூந்தல் உள்ள ஒருத்தியைக்கூட அவைக்கு அழைத்து யாரும் கேட்கவில்லை. எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணிப் புகை காட்டி, ஈரம் உலர்த்திப் பூ வைத்துவிடும் எந்தக் கிழவியும் இந்த ஐயத்தை ஒரே வரியில் தீர்த்திருப்பாள். அவளுடைய பதில் நக்கீரருடைய பதிலாகவே இருந்திருக்கவும் கூடும். அப்படியிருந்தும் அவளுக்கு அது தெரியும் என்பது அந்த அவையில் ஒரு சான்றாக எண்ணப்படவே இல்லை. புலமை என்பது பாடலைப் பற்றியது, கூந்தலைப் பற்றியது அல்ல என்று யாராவது சொல்லலாம். ஆனால் அன்று பாடலின் மேல் சுமத்தப்பட்ட குற்றம் யாப்புக் குற்றம் இல்லை, பொருட்குற்றம். பொருள் பெண்களின் அன்றாடத்திலிருந்து எடுக்கப்பட்டது.

இதே மரபில் இன்னொரு கதையும் இருக்கிறது. திரைப்படம் ஆகாததால் அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இறையனார் களவியலின் உரை சொல்லும் கதை அது. இறைவன் அருளிய அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை செய்கிறார்கள். எது மெய்யுரை என்று தங்களுக்குள் முடிவு செய்ய முடியாமல், நடுநின்று தீர்ப்புச் சொல்லும் காரணிகன் ஒருவனைத் தேடுகிறார்கள். கிடைத்தவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். பேச்சு வராதவன். அவனை ஆசனத்தில் இருத்தி ஒவ்வொருவராக உரையைச் சொல்கிறார்கள். பலர் சொன்னபோது சும்மா இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் சொன்னபோது சில இடங்களில் கண்ணீர் வடித்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வடித்தான். அதுவே தீர்ப்பாயிற்று.

நிபுணர்களின் சண்டையை நிபுணத்துவமே இல்லாத ஓர் உடல் தீர்த்துவைக்கிறது. எழுத்தறியாத, பேச்சறியாத ஒரு கேட்பவனின் மெய்ப்பாடு புலவர் அவைக்குப் போதுமான அளவுகோலாக இருந்திருக்கிறது என்று ஒரு கணம் மகிழ்ச்சி வருகிறது. அடுத்த கணமே கதை அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. அந்தச் சிறுவன் உண்மையில் சாபத்தால் பிறந்த முருகக் கடவுளாம். சாதாரண வாசகனின் தீர்ப்பை ஏற்க மரபுக்கு மனம் வருகிறது. ஆனால் அவன் சாதாரணமானவன் இல்லை என்று நிறுவிய பிறகுதான் வருகிறது. தெய்வமாகவோ அவதாரமாகவோ ஆக்கப்படாத ஊமைப் பிள்ளையின் கண்ணீர் அவையில் செல்லாது. பெண்களுக்கும் நம் இலக்கிய வரலாறு இதைத்தான் செய்தது. ஔவையின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவளை முதலில் நரைத்த கிழவியாக்க வேண்டும், பிறகு தெய்வ அருள் பெற்றவளாக்க வேண்டும்.

சங்கப் பாடல்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் இருப்பதைத் தமிழ்த்துறைகள் பெருமையாகச் சொல்லும். நானும் ஆண்டுதோறும் சொல்கிறேன். இதன் பக்கத்தில் வைத்து நாம் சொல்லாத இன்னொரு கணக்கு உண்டு. இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர், அடியார்க்கு நல்லார், திருக்குறளுக்குப் பதின்மர் என்று உரையாசிரியர் பட்டியல் நீள்கிறது. அதில் ஒரு பெண்ணும் இல்லை. பெண் பாடலாம், பாடலுக்கு இதுதான் பொருள் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாடுவதற்கு உணர்ச்சி போதும், உரை சொல்வதற்கு அறிவு வேண்டும் என்று யாரும் எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை. பல நூற்றாண்டு வழக்கம் எழுதாமலே அதைச் சட்டமாக்கிவிட்டது. புலமை என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போதே, அந்தப் புலமை யாருக்குக் கிடைக்கவிடப்பட்டது என்ற வரலாறும் கூடவே ஒலிக்கிறது.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் அது எழுதியும் வைக்கப்பட்டிருக்கிறது. திருக்குறளின் 69ஆம் குறள் எல்லோருக்கும் தெரிந்தது. மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய், அவனைப் பெற்ற பொழுதைவிட மகிழ்வாள் என்பது செய்தி. ‘கேட்ட’ என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் கற்பிக்கிறார். பெண்ணியல்பால் தானாக அறிய மாட்டாள், ஆகவே அறிவுடையோர் சொல்லக் கேட்கிறாள் என்பது அவர் விளக்கம். பத்து மாதம் சுமந்து, பாலூட்டி, பக்கத்தில் வைத்து வளர்த்த பிள்ளை எப்படிப்பட்டவன் என்று தாய்க்குத் தானாகத் தெரியாதாம். அந்தத் துறையின் வல்லுநர்கள் வந்து சொல்ல வேண்டுமாம். நிபுணரே மதிப்பிடத் தக்கவர் என்ற கொள்கைக்கு இதைவிடச் சுருக்கமான வடிவம் தமிழில் இல்லை.

முதலாண்டு மாணவியர் வகுப்பில் இந்த உரையைப் படித்துக் காட்டினால் போதும். இலக்கணம் படிக்காதவளும், உரை மரபு என்றால் என்னவென்று அறியாதவளும் முகம் சுளிப்பாள். அந்தச் சுளிப்பு ஒரு விமர்சனம்தான். சரியான இடத்தில் எழுந்த விமர்சனம். குறளின் சொற்களில் இல்லாத ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறது என்பதை முதலில் உணர்ந்தது அந்த முகம். ஏழு நூற்றாண்டுப் புலமையில் பெரும்பகுதி அந்தச் சொல்லைத் தடுக்கி விழாமல் கடந்து போயிருக்கிறது.

இனி புலமையின் பக்கத்துக்கு வருகிறேன். அதற்கும் இங்கே வேலை இருக்கிறது. சுளித்த மாணவி அடுத்த நொடி என்ன சொல்வாள்? “வள்ளுவர் இப்படி எழுதலாமா?” என்பாள். இந்த இடத்தில்தான் படித்தவர் குறுக்கிட வேண்டும். எழுதியவர் வள்ளுவர் அல்ல. பரிமேலழகருக்கு முந்தைய மணக்குடவர் இந்தக் குறளுக்கு உரை சொல்லும்போது பெண்ணியல்பை இழுக்கவில்லை. தாய்க்குத் தெரிந்ததையே ஊரும் சொல்லும்போது மகிழ்ச்சி பெருகுகிறது என்று எளிதாகக் கொள்ள இடமிருக்கும் வரியில், அறியாமை பின்னால் வந்து சேர்ந்தது. இதைக் காட்டுவதற்கு உரைகளை ஒப்பிட்டுப் படித்த பயிற்சி வேண்டும். மாணவியின் கோபம் உண்மையானது. அது யார்மேல் போய் விழ வேண்டும் என்பதைப் பயிற்சி சொல்கிறது. கோபமே வராதவருக்கு அந்தப் பயிற்சி எதைத் தேட வேண்டும் என்று சொல்லித் தராது.

இன்னும் ஓரடி போகலாம். பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்ந்த தாய் ஒருத்தி புறநானூற்றிலும் இருக்கிறாள். 278ஆம் பாடல். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், பெண். நரம்பு எழுந்து தோள் வற்றிய ஒரு முதியவளிடம், உன் மகன் போரில் முதுகு காட்டிவிட்டான் என்று பலர் சொல்கிறார்கள். அவள் கேட்கிறாள். கேட்டதை நம்பிவிடவில்லை. அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். சிதைந்து கிடந்த மகனைத் தன் கண்ணால் கண்ட பிறகுதான், பெற்ற பொழுதைவிடப் பெரிதாக மகிழ்கிறாள்.

குறளிலும் புறப்பாட்டிலும் ஒரே மகிழ்ச்சி, ஏறத்தாழ ஒரே சொற்கள். ஆனால் ஆண் உரையாசிரியரின் தாய்க்குப் பிறர் சொல்லித்தான் தெரிகிறது. பெண் புலவரின் தாய் பிறர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கிறாள். பலர் சொன்னார்கள் என்பது அவளுக்குப் போதுமான சான்றாக இல்லை. நச்செள்ளையாரின் தாயை இன்றைய பெண்ணியத்தின் முன்னோடி என்று தூக்கி வைக்க நான் விரும்பவில்லை. வீர மரணம், முலைப்பாலின் மானம் என்று அவள் சோதிக்கும் அளவுகோல்கள் முழுக்க ஆண்களின் போர் அறத்திலிருந்து வந்தவை. மகன் பிணமாகக் கிடப்பதில் மகிழும்படி அவளைப் பழக்கிய அறம் அது. ஆனாலும் தீர்ப்பை அவள் வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பெண்ணியல்பு என்றால் தானாக அறியாமை என்று எழுதிய உரைக்கு மறுப்பு, அந்த உரைக்குப் பல நூற்றாண்டு முன்னரே ஒரு பெண்ணால் எழுதப்பட்டுவிட்டது.

வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நற்றிணையின் 45ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். தலைவியை விரும்பி வந்து நிற்கும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். இவள் கடலுக்குள் போய் மீன் பிடிக்கும் பரதவர் மகள். நீயோ கொடி பறக்கும் ஊரின் தேருள்ள செல்வனுக்கு மகன். சுறாவின் தசையைக் காயவைத்துப் பறவை விரட்டும் எங்களுக்கு அழகு எதற்கு? எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில். எங்கள் சிறிய நல்ல வாழ்க்கை உங்களுடையதோடு ஒப்பது அன்று, ஆனால் எங்களுக்குள்ளும் சிறந்தவர்கள் உண்டு. பாடலோடு வரும் துறைக் குறிப்பு, குறை வேண்டி நிற்கும் தலைவனைத் தோழி சேட்படுத்தியது என்கிறது. சேட்படை என்றால் எட்ட நிறுத்துதல். அவனுடைய ஆர்வத்தைக் கூட்டி, உறுதியைச் சோதித்து, பின்னால் ஏற்றுக்கொள்வதற்காக இப்போதைக்கு விலக்குவது. நான் அதைத்தான் விளக்கினேன். துறை அறியாமல் அகப்பாடலைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் துறையின் முதல் பாடம்.

கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். “அம்மா, இவ பிகு பண்ணலம்மா. மீன் நாத்தம் அடிக்குதுன்னு பஸ்ல எங்க ஆளுங்கள பின்னாடி போவச் சொல்லுவாங்க. அவுங்க சொல்றதுக்கு முன்னாடி நம்மளே சொல்லிட்டா அவுங்க வாய அடச்ச மாதிரி. இவ அதத்தான் செய்யறா.”

இதை அனுபவப் பகிர்வு என்று சொல்லி, ஒரு நன்றியோடு கடந்துபோகும் வழக்கம் கல்விப்புலத்தில் உண்டு. அனுபவத்தை மதிப்பது போலக் காட்டி, அதை விமர்சனம் என்ற தகுதியிலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம் அது. அவள் சொன்னதைப் பாடலில் வைத்துச் சோதிப்பதே அவளுக்குச் செய்யும் மரியாதை. சோதித்தால் என்ன ஆகிறது? வெறும் ஊடாட்ட உத்தியாக இருந்தால் புலால் நாற்றத்தோடு பேச்சை நிறுத்தியிருக்கலாம். தோழி நிறுத்தவில்லை. எங்களுக்குள்ளும் சிறந்தவர்கள் உண்டு என்று மேலே போகிறாள். அந்த இறுதி அடிகளுக்குச் சேட்படை என்ற விளக்கம் தேவைப்படும் அளவுக்குப் பொருந்தவில்லை. மாணவியின் விளக்கம் பொருந்துகிறது. அவமானத்தைத் தானே முதலில் உச்சரித்து, எதிராளியின் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்பவள்தான் அடுத்த மூச்சில் நிமிர்ந்து பேச முடியும். துறைக் குறிப்புகள் பாடல்களைத் தொகுத்தவர்கள் பின்னால் சேர்த்தவை என்பதை ஆய்வாளர்கள் பலரும் ஏற்கிறார்கள். அப்படியானால் அவளுடைய வாசிப்பும் ஒரு துறைக் குறிப்பாக அருகில் நிற்கலாம்.

பறவை விரட்டுதலைப் பற்றியும் அவள் ஒன்று சொன்னாள். புள்ளோப்புதலும் தினைப்புனம் காத்தலும் எங்கள் உரைகளில் தலைவனும் தலைவியும் சந்திக்க வாய்ப்பான களங்கள். அவளுக்கு அது வெயிலில் நிற்கும் வேலை. களம் என்ற சொல் அந்த உழைப்பை மறைத்துவிடுகிறது என்பதைப் பதினைந்து ஆண்டுகள் அகப்பாடல் நடத்திய எனக்கு உரைநூல் எதுவும் சொல்லித் தரவில்லை. என் பங்குக்கு நான் சொன்னது, சங்கப் பாடலின் பரதவரை இன்றைய சமூகத்தோடு அப்படியே ஒட்டிவிட முடியாது, இடையில் நீண்ட காலம் இருக்கிறது என்பது. அதை அவள் ஏற்றாள். அவளிடமிருந்து நான் பெற்றதும் என்னிடமிருந்து அவள் பெற்றதும் வெவ்வேறு வகை அறிவு. பாடல் இரண்டையும் கேட்டது.

புலமை தவறான பக்கத்தில் நின்றதற்குப் பெரிய உதாரணம் தஞ்சையில் எழுதப்பட்ட ஒரு தெலுங்குக் காவியம். 18ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த கணிகை முத்துப்பழனி எழுதிய ராதிகா சாந்தவனம். ராதையின் காமத்தையும் கோபத்தையும் ராதையின் பக்கமிருந்து பேசும் நூல். தெலுங்கு மறுமலர்ச்சியின் தந்தை எனப்படும் கந்துகூரி வீரேசலிங்கம் கவிகளின் வரலாறு எழுதியவர், விதவை மறுமணத்துக்காகப் போராடியவர். அவர் இந்த நூலைப் பெண்கள் காதால் கேட்கத் தகாதது என்று ஒதுக்கினார், எழுதியவளின் குலத்தையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே பழித்தார். முன்னர் வந்திருந்த பதிப்பு, முத்துப்பழனி தன் பாட்டியையும் அத்தையையும் பற்றிச் சொல்லும் முன்னுரைப் பகுதியை வெட்டிவிட்டிருந்தது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் மூலத்தைத் தேடிப் பிடித்து 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். அவர் கேட்ட கேள்வி நேரானது. நாணம் பெண்களுக்கு மட்டும்தான் இயல்பா, ஆண்களுக்கு இல்லையா? இதைவிட வெளிப்படையான சிருங்காரம் உள்ள ஆண்களின் நூல்களை அதே அறிஞர்கள் எப்படி ஏற்றார்கள்? இந்தக் கேள்விக்குப் புலமையிடம் பதில் இல்லை. பதிலுக்கு அரசாங்கம் வந்தது. 1911இல் நூல் தடைசெய்யப்பட்டது. தடை நீங்க 1947 ஆயிற்று.

நாகரத்தினம்மாள் நிபுணர் அல்லாதவரா? இசையிலும் மொழிகளிலும் முறையாகப் பயின்றவர், பின்னாளில் திருவையாற்றில் தியாகராசர் சமாதியை எழுப்பி அங்கே பெண்கள் பாடும் உரிமைக்காக நின்றவர். அவருடைய பயிற்சியை யாரும் குறை சொல்ல முடியாது. தேவதாசி என்பதால் அந்தப் பயிற்சி புலமைக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே நிபுணரா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பட்டத்தைக் கொடுக்கும் கை யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நவீனத் தமிழ் விமர்சனத்தை வளர்த்தவர்களில் பலர் பட்டதாரிப் புலவர்கள் அல்லர். க.நா.சுப்ரமண்யம், ‘எழுத்து’ நடத்திய சி.சு. செல்லப்பா, நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி ஆகியோரிடம் யாரும் தமிழ்ப் பட்டம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால் நமக்கு நன்மையே விளைந்தது. பண்டிதர்கள் பார்க்க மறுத்த புதுமைப்பித்தனை, புதுக்கவிதையை அவர்கள் பார்த்தார்கள். அதே தாராளம் பெண்களுக்கு வரும்போது சுருங்குகிறது. பட்டம் பெறுவதற்கு முன் நான் ஒரு மூத்த கவிஞரின் தொகுப்பில் பெண்ணுடல் எப்படியெல்லாம் உவமையாகிறது என்று எழுதியபோது, ஒரு கூட்டத்தில் எனக்குச் சொல்லப்பட்டது, “முதலில் மரபைப் படித்துவிட்டு வாம்மா.” பட்டம் பெற்ற பிறகு ஏறத்தாழ அதே கருத்தை வேறொரு நூலைப் பற்றிச் சொன்னபோது, வேறொரு கூட்டத்தில் சொல்லப்பட்டது, “இது பேராசிரியர் பார்வை, படைப்பு மனம் உங்களுக்குப் பிடிபடாது.” நான் கவிதை எழுதுகிறவள் என்பது அந்த இடத்தில் ஏனோ யாருக்கும் நினைவில் இல்லை. தகுதி என்பது ஏறி முடிக்கக்கூடிய படியாக இருந்தால் ஏறிவிடலாம். ஏற ஏற நகரும் படி அது.

இது இலக்கியத்தோடு நிற்கும் சிக்கல் இல்லை. 1970இல் அமெரிக்க செனட் சபை கருத்தடை மாத்திரையின் ஆபத்துகள் குறித்து விசாரணை நடத்தியது. மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் சாட்சி சொன்னார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து, மாத்திரையை விழுங்கிய ஒருத்தியைக்கூட ஏன் சாட்சியாக அழைக்கவில்லை என்று கத்தினார்கள். விசாரணை தடைப்பட்டது. அந்த விசாரணைக்கும் இந்தக் கூச்சலுக்கும் பிறகுதான் பக்க விளைவுகளைப் பற்றிய துண்டறிக்கை மாத்திரைப் பெட்டிக்குள் போனது. வேதியியல் தெரியாத பெண்களுக்குத் தலைவலியும் ரத்தக்கட்டியும் தெரிந்திருந்தன.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானது. யாரும் சொல்லலாம் என்று கதவைத் திறந்தால் யார் நுழைவார்கள்? குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது தலைப்பைப் பார்த்தே கொதித்தவர்கள் நுழைந்தார்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதை எரித்தவர்களும் தங்கள் ஊரைப் பற்றித் தங்களுக்குத் தெரியும் என்றுதான் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவரின் குரல் என்று அவர்களும் சொல்லிக்கொள்ளலாம். என் மாணவியின் குரலுக்கு இடம் கொடுத்துவிட்டு இவர்களை எப்படி மறுப்பது?

மறுக்கப் பட்டம் தேவையில்லை. என் மாணவி பாடலைப் படித்திருந்தாள், எந்த அடி என்று கை வைத்துக் காட்டினாள், பாடலை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். எரித்தவர்கள் கிழித்தெடுத்த சில பக்கங்களோடு வந்தார்கள், யாரும் இனிப் படிக்கக் கூடாது என்றார்கள். விமர்சனம் வாசிப்பைக் கூட்டுகிறது, தடை வாசிப்பை நிறுத்துகிறது. படித்தவர்களிலும் இரண்டாவது கட்சியில் நின்றவர்கள் உண்டு. வீரேசலிங்கத்தைவிடப் படித்தவர் அந்தக் காலத் தெலுங்கில் எத்தனை பேர்? எனவே கல்வித் தகுதியை வைத்துக் கதவைச் சாத்தினால் வெறுப்பு வெளியே நின்றுவிடும் என்பது வீண் நம்பிக்கை. கதவுக்கு வெளியே நிற்கப்போவது கடலோர மாணவிதான்.

நம் இலக்கணமே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. இவற்றுள் வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றுக்குத்தான் இலக்கணப் பயிற்சி கண்டிப்பாக வேண்டும். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொன்னதும், சொன்னதற்கே முரணாகச் சொன்னதும், தொடங்கிய வேகம் தேய்ந்துபோனதும் கவனமாகப் படிக்கும் எவருக்கும் பிடிபடும். பெண்ணைப் பற்றிய எழுத்தில் குன்றக் கூறல் எங்கே நடந்தது என்பதைப் பெண்களே முதலில் கண்டுபிடிப்பார்கள். விடுபட்டது அவர்கள் வாழ்க்கை.

அம்பை என்னும் சி.எஸ். லட்சுமி, தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி 1984இல் ஆங்கிலத்தில் ‘தி ஃபேஸ் பிஹைண்ட் த மாஸ்க்’ என்ற நூலை வெளியிட்டார். அவரிடம் முனைவர் பட்டமும் இருந்தது, புனைகதையும் இருந்தது. இரண்டும் இருப்பவர்களை மட்டும் நம்பி நம் விமர்சனம் நடக்க முடியாது. எண்ணிக்கை போதாது. பிரசவம் பற்றிய கவிதையை மருத்துவச்சியும், துணிக்கடை பற்றிய கதையை நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் விற்பனைப் பெண்ணும் படித்துச் சொல்லும் காலம் வந்தால் நம் எழுத்தாளர்கள் இன்னும் கொஞ்சம் பயந்து எழுதுவார்கள். அந்தப் பயம் எழுத்துக்கு நல்லது.

கல்விப்புலத்தில் இருப்பவர்கள் இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெரிய புரட்சி எதுவும் இல்லை. பரிமேலழகரின் உரைத்திறனை விளக்குக என்ற வினா தமிழ்நாட்டுத் தேர்வுத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மாணவியர் எழுதும் விடைகளில் திறன் மட்டுமே இருக்கும், பெண்ணியல்பு பற்றிய அந்த வரி இருக்காது. வினாவைச் சற்று மாற்றிக் கேட்கலாம். இந்த உரையில் நீ உடன்படாத இடம் எது? குறளின் எந்தச் சொல்லை வைத்து மறுக்கிறாய்? பத்து மதிப்பெண். விடைத்தாளைத் திருத்துகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் வேலை. விடைக்குறிப்பு இருக்காது, ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க வேண்டும்.